பிரான்ஸின் நாட்டுப்புற மடங்களும் நடைவழிகளும்: பத்து நாளில் எதைப் பார்ப்பது, எதை விடுவது

செப்டம்பர் கடைசியில் பாரிசில் உள்ள மகன் வீட்டுக்கு வருவதாகவும், கையில் பத்து நாள் இருப்பதாகவும், பழைய துறவு மடங்களைப் பார்த்தபடி நாட்டுப்புறத்தில் நடக்க விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இருவருக்கும் ஐம்பத்தைந்தை ஒட்டிய வயது, சைவ உணவு, நாளொன்றுக்கு 15 முதல் 20 கி.மீ. நடந்து பழக்கம். மோன் சேன் மிஷேல், செனான்க், க்ளூனி, வெஸலே, கோங்க் ஆகிய ஐந்தையும் பார்த்துவிட முடியுமா என்பது உங்கள் கேள்வி.

பார்த்துவிடலாம்; நடப்பதற்குத்தான் நேரம் இருக்காது. மோன் சேன் மிஷேல் நார்மண்டிக் கடலோரத்தில் இருக்கிறது, செனான்க் தெற்கே ப்ரொவான்ஸில் இருக்கிறது, மற்றவை நடுப்பகுதியில் ஆளுக்கொரு மூலையில் கிடக்கின்றன. ஐந்தையும் தொட்டு வந்தால் பத்து நாளில் பாதி நெடுஞ்சாலையிலேயே கழியும். ஆகவே பட்டியலில் மூன்றை அடித்துவிட்டு, அதில் இல்லாத ஃபோந்தனே என்ற மடத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். முதல் மூன்று நாள் பர்கண்டியில் ஃபோந்தனேயும் வெஸலேயும்; பிறகு ஐந்து நாள், பிரான்ஸின் தென்நடுப் பகுதியிலுள்ள ஓப்ராக் பீடபூமியிலிருந்து கோங்க் வரை நடை; மிச்சம் இரண்டு நாள் பயணத்துக்கு.

அடித்த மூன்றுக்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். செனான்க் மடத்தின் முன்னால் லாவெண்டர் வயல் விரியும் படத்தைப் பார்த்துத்தான் பெரும்பாலோர் அங்கே போக ஆசைப்படுகிறார்கள். அந்தப் பூ மலர்வது ஜூன் இறுதியிலும் ஜூலையிலும். நீங்கள் போகும்போது அறுத்து முடித்த செடிகள்தான் நிற்கும். மோன் சேன் மிஷேல் உலகப் புகழ் பெற்றது, அதற்குத் தகுதியானதும்கூட. ஆனால் அது கூட்டத்தோடு கூட்டமாகப் பார்க்கும் இடம். மகன் குடும்பத்தோடு இன்னொரு முறை போய்க்கொள்ளலாம். க்ளூனியை விடச் சொல்வதுதான் எனக்கு வருத்தம். 910இல் தொடங்கிய அந்த மடத்தின் மூன்றாவது தேவாலயம் 187 மீட்டர் நீளம் கொண்டது. ரோமில் இப்போதுள்ள பேதுரு பேராலயம் எழும்வரை கிறிஸ்தவ உலகில் அதைவிடப் பெரிய கோயில் இல்லை. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு, 1798இல் அதை விற்றார்கள். வாங்கியவர்கள் கல் கல்லாகப் பெயர்த்து விற்றார்கள். இன்று எஞ்சியிருப்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இல்லாததை மனத்தில் எழுப்பிப் பார்க்கும் பொறுமை இருப்பவர்களுக்கே அந்த ஊர் பேசும்.

இந்தப் புரட்சிக் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போவது நல்லது. ஒவ்வொரு மடமும் ஏன் ஒவ்வொரு நிலையில் இருக்கிறது என்பதற்கு விடை அதில்தான் இருக்கிறது. 1789 நவம்பர் 2 அன்று திருச்சபையின் சொத்து முழுவதும் நாட்டுடைமை ஆனது. 1790 பிப்ரவரியில் துறவற வாக்குறுதிகளை ஏற்பதைச் சட்டம் நிறுத்தியது. மடாதிபதியின்கீழ் இயங்கிய மடங்கள் (பிரெஞ்சில் 'அபெயி') ஏலத்துக்கு வந்தன. க்ளூனி கல்குவாரியானது, ஃபோந்தெவ்ரோ மடம் 1963 வரை சிறைச்சாலையாக இருந்தது, மோன் சேன் மிஷேலும் 1863 வரை சிறைதான். ஃபோந்தனே காகித ஆலையானது, அதனாலேயே பிழைத்தது. ஆலை முதலாளிக்குக் கூரை ஒழுகாத பெரிய கட்டடம் வேண்டியிருந்ததே தவிர, கல்லை விற்கும் தேவை இருக்கவில்லை. 1906இல் எதுவார் எனார் என்ற வங்கியாளர் அதை வாங்கி, ஆலைக்காகச் சேர்த்த கட்டடங்களை இடித்து அகற்றி, பழைய வடிவத்தை மீட்டார். இன்றும் அது அந்தக் குடும்பத்தின் சொத்து.

ஃபோந்தனேக்குப் போக பாரிசிலிருந்து மோன்பார் என்ற சிற்றூருக்கு அதிவேக ரயில் இருக்கிறது. பயணம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். நிலையத்திலிருந்து மடம் ஏறத்தாழ 6 கி.மீ. டாக்சி கிடைக்கும், ஆனால் போகும்போதாவது நடந்து போங்கள். ஊர் முடிந்து காடு தொடங்கும், பள்ளத்தாக்கு ஒடுங்கும், தண்ணீர்ச் சத்தம் கேட்கும், மதில் தெரியும் முன்பே அந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது புரிந்துவிடும். வாகன நிறுத்தத்திலிருந்து நேரே உள்ளே நுழைகிறவருக்கு இது கிடைக்காது. 1098இல் சித்தோ என்ற இடத்தில் தொடங்கிய சிஸ்டெர்சியன் சபையினர் ஊரை விட்டு விலகி, காடும் ஓடையும் உள்ள பள்ளங்களைத் தேடிப் போனார்கள். பிச்சையையோ காணிக்கையையோ நம்பாமல் கையால் உழைத்துச் சாப்பிட வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அதற்கு நிலம் வேண்டும், விறகு வேண்டும், சக்கரத்தைச் சுழற்ற நீர் வேண்டும்.

1118இல் அந்தச் சபைத் துறவியான புனித பெர்நார்து நிறுவிய இந்த மடத்தின் தேவாலயத்தை 1147இல் திருத்தந்தை மூன்றாம் யூஜின் நேரில் வந்து புனிதப்படுத்தினார். உள்ளே போனதும் முதலில் உறைப்பது வெறுமை. சுவரிலோ தூணிலோ சிற்ப அலங்காரம் இல்லை, வண்ணக் கண்ணாடி இல்லை, ஓவியம் இல்லை. வெட்டிய கல்லும் அதன்மேல் விழும் வெளிச்சமும் மட்டுமே. பக்கத்தில் முற்றத்தைச் சுற்றி ஓடும் தாழ்வாரம், நம் கோயில்களின் திருச்சுற்று மாளிகையைப் போல நாலு புறமும் தூண்களோடு நிற்கிறது. மாடியில் துறவிகள் எல்லாரும் வரிசையாகப் படுத்துறங்கிய நீண்ட கூடம் இருக்கிறது; அதன் மரக்கூரை 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சமையலறை நீங்கலாக மடத்தில் நெருப்பு மூட்ட அனுமதி இருந்த அறை ஒன்றே ஒன்று. பனிக்காலத்தில் ஏடு எழுதுகிறவர்களின் விரல் மரத்துப்போகாமல் இருக்க அது தேவைப்பட்டது. கடைசியாக, 53 மீட்டர் நீளமுள்ள கொல்லுலைக் கூடத்தைத் தவறவிடாதீர்கள். ஓடையைத் திருப்பி விட்டு, நீர்ச்சக்கரத்தால் சம்மட்டியைத் தூக்கி இரும்படித்த இடம் அது. ஜெபம் ஒருபுறம், கொல்லுப்பட்டறை மறுபுறம் என்று ஒரே மதிலுக்குள் இருப்பதைப் பார்த்தால், துறவி என்றதும் நம் மனத்தில் வரும் உருவம் கொஞ்சம் மாறும்.

வெஸலே இதற்கு நேர் எதிர். பள்ளத்தில் ஒளியாமல், பல கி.மீ. தொலைவிலிருந்தே தெரியும்படி மலைமேல் உட்கார்ந்திருக்கிறது. மகதலா மரியாளின் திருப்பண்டம் (புனிதரின் உடல் எச்சம்) அங்கே இருப்பதாக நம்பித் திருப்பயணிகள் குவிந்தார்கள். அவர்களுக்காகவே கட்டிய கோயில் அது. பாழடைந்து இடியும் நிலையில் இருந்ததை 1840இல் எடுத்துச் சீரமைக்கத் தொடங்கியபோது கட்டடக்கலைஞர் வியோலே-ல-டுக்குக்கு வயது 26. முன்மண்டபத்தைத் தாண்டும் நடு வாயிலின் மேல் உள்ள அரைவட்டச் சிற்பத்தின் கீழே அவசரப்படாமல் நில்லுங்கள். உலகின் எல்லா மக்களுக்கும் செய்தி போய்ச் சேர வேண்டும் என்பது பொருள். எல்லா மக்களும் என்றால் யார் யார் என்பதில் 12ஆம் நூற்றாண்டுச் சிற்பியின் கற்பனை ஓடியிருக்கிறது. நாய்த்தலை மனிதர்கள், உடலை மூடும் அளவுக்கு முறம்போன்ற காது உள்ளவர்கள், குதிரைமேல் ஏற ஏணி வைத்துக்கொள்ளும் குள்ளர்கள் என்று வரிசையாக நிற்கிறார்கள். கண்ணுக்கு மேலே உயரத்தில் இருப்பதால் சிறிய தொலைநோக்கி ஒன்று பையில் இருந்தால் நல்லது.

இப்படிப்பட்ட விசித்திர உருவங்களைத் துறவு மடத்தில் செதுக்குவதைக் கடுமையாகக் கண்டித்து எழுதியவர் அதே புனித பெர்நார்து. 1146ஆம் ஆண்டு ஈஸ்டர் நாளில் இரண்டாம் சிலுவைப்போருக்கு ஆள் திரட்ட அவர் பேசியதோ இந்த வெஸலேயில். கூட்டம் கோயிலுக்குள் கொள்ளாமல், குன்றின் வடசரிவில் வெட்டவெளியில் பேசினார். அந்த இடத்தில் லா கோர்தெல் என்ற சிறு ஆலயம் இருக்கிறது. கோயிலுக்குப் பின்னாலிருந்து இறங்கும் மண்பாதையில் கொஞ்ச நேரம் நடந்தால் போய்விடலாம். பேருந்தில் வந்து இறங்குகிறவர்களில் அங்கே இறங்கிப் போகிறவர்கள் மிகக் குறைவு. தெற்கே, மலையடியில் சேன் பேர் என்ற கிராமம் 2 கி.மீ. தொலைவில் இருக்கிறது, மாலையில் அங்கே போய், திராட்சைத் தோட்டங்களின் ஊடாகத் திரும்பி ஏறி வாருங்கள். மோன்பாரிலிருந்து வெஸலேக்குப் பொதுப் போக்குவரத்தை நம்ப வேண்டாம். இந்த ஒரு துண்டுக்கு மட்டும் வாடகைக் கார் எடுத்துக்கொள்வதே நிம்மதி.

இனி முக்கியமான நடை. லெ புய் நகரிலிருந்து ஸ்பெயினின் சந்தியாகு நகரை நோக்கிப் போகும் பழைய திருப்பயண வழி ஒன்று உண்டு. சந்தியாகு என்பது அப்போஸ்தலர் யாக்கோபுதான். நம் கடற்கரை ஊர்களில் சந்தியாகப்பர் என்று கோயில் கட்டிக் கும்பிடும் அதே புனிதர். லெ புய் ஆயர் (பிஷப்) கொதெஸ்கால்க் 950இல் அங்கே புறப்பட்டுப் போனார். இன்று அந்த வழிக்கு ஜி.ஆர். 65 என்று பெயர்; ஜி.ஆர். என்பது பிரான்ஸின் நெடுந்தூர நடைவழிகளைக் குறிக்கும் சுருக்கம். பிரான்ஸில் உள்ள இத்தகைய வழிகளை 1998இல் யுனெஸ்கோ பட்டியலிட்டபோது 71 கட்டடங்களோடு 7 பாதைத் துண்டுகளையும் சேர்த்தது. ஏழும் இந்த ஒரே வழியில் இருப்பவை. லெ புய்யிலிருந்து கோங்க் வரை 200 கி.மீ.க்குச் சற்று மேல். அதை முழுதாக நடக்க உங்களுக்கு நாள் போதாது. ஆகவே நஸ்பினால் என்ற கிராமத்தில் தொடங்குங்கள். அங்கிருந்து சேன் ஷெலி, சேன் கோம், எஸ்தேன், கொலினியாக், கோங்க் என்று ஐந்து நாளில் சுமார் 90 கி.மீ.; எந்த நாளும் 22 கி.மீ.க்கு மேல் போகாது. யுனெஸ்கோ சேர்த்த ஏழு துண்டுகளில் இரண்டு இதற்குள்ளேயே வருகின்றன.

முதல் நாள்தான் மொத்தப் பயணத்தின் மகுடம் என்பேன். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் மரமே இல்லாத புல்வெளி அலை அலையாகப் போய்க்கொண்டே இருக்கும். சாந்து இல்லாமல் கல்லின்மேல் கல் அடுக்கிய வேலிச்சுவர்கள், பாலாடைக்கட்டி செய்ய இடையர்கள் தங்கிய கற்குடில்கள், நடுவே ஓப்ராக் இனப் பசுக்கள். இளம்பழுப்பு நிற உடலும், கண்ணைச் சுற்றி மை தீட்டியது போன்ற கருவளையமும் அவற்றின் அடையாளம். அவை அக்டோபர் வரை மேலேயே மேயும். பாதை மேய்ச்சல் நிலத்தின் வழியாகவே போவதால் தட்டிக்கதவுகளைத் திறந்து, உள்ளே போனதும் மறக்காமல் மூடிவிட வேண்டும். கன்றோடு நிற்கும் பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே போகக் கூடாது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வெளியில் மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. நானும் ஒருமுறை இதே செப்டம்பர் கடைசியில் அப்படி மாட்டிக்கொண்டு, ஒரு கையால் கற்சுவரைத் தொட்டபடி கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் நடந்திருக்கிறேன். 1120ஐ ஒட்டி ஃப்ளாண்டர்ஸிலிருந்து வந்த பிரபு ஒருவர் இங்கே திருப்பயணிகளுக்காக ஒரு சத்திரமும் மடமும் ஏன் நிறுவினார் என்பது எனக்கு விளங்கியது அன்றுதான். ஓப்ராக் கிராமத்தில் அந்த மடத்தின் கோயில் இன்னும் நிற்கிறது. அந்தக் காலத்தில் பனியிலும் இருட்டிலும் அங்கே ஒரு மணியை விடாமல் அடிப்பார்கள். 'தொலைந்தவர்களின் மணி' என்று பெயர். அதில் பொறித்திருந்த லத்தீன் வாசகத்தின் கடைசிச் சொற்களுக்கு 'வழிதவறியவரைத் திரும்ப அழை' என்று பொருள்.

பாதையை அடையாளம் காண்பது எளிது. மரத்திலோ பாறையிலோ கம்பத்திலோ வெள்ளைக்கோடு மேலும் சிவப்புக்கோடு கீழும் தீட்டியிருந்தால் அது ஜி.ஆர். நெடுவழி. மஞ்சள் ஒற்றைக்கோடு என்றால் உள்ளூர்ச் சுற்றுவழி. வெள்ளையும் சிவப்பும் பெருக்கல் குறியாகக் குறுக்கிட்டிருந்தால் அந்தப் பக்கம் போகாதே என்று பொருள். பத்து நிமிடம் நடந்தும் குறி ஒன்றும் கண்ணில் படவில்லை என்றால், கடைசியாகப் பார்த்த குறிவரை திரும்பிவிடுங்கள். முன்னால் கிடைக்கும் என்று போனவர்கள்தான் அதிகம் அலைகிறார்கள். பிரெஞ்சு அரசின் நிலவரைபட நிறுவனமான ஐ.ஜி.என். வெளியிடும் 1:25,000 வரைபடத்தைத் தாளிலோ கைப்பேசியிலோ வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்குகளில் சிக்னல் போய்விடும் என்பதால் முன்பே இறக்கி வைத்திருக்க வேண்டும். செப்டம்பரில் வேட்டைக்காலமும் தொடங்கிவிடும், குறிப்பாக ஞாயிற்றுக்கிழமைகளில். பளிச்சென்ற நிறத்தில் மேலாடை இருக்கட்டும்.

தங்குவதற்கு 'ஜீத்' எனப்படும் நடைப்பயணிகள் விடுதிகள் ஊருக்கு ஊர் உண்டு. கூடத்தில் கட்டில், சிலவற்றில் இருவர் அறை. இரவு உணவும் காலை உணவும் சேர்த்து 'தெமி பான்சியோன்' என்று கேட்டு முன்பதிவு செய்ய வேண்டும். செருப்பும் காலணியும் வாசலோடு சரி. முதுகுப்பையைக் கட்டில்மேல் வைக்க விடமாட்டார்கள், மூட்டைப்பூச்சிக்குப் பயம். இரவு உணவு ஏழு மணிக்கு எல்லாருக்கும் ஒரே மேசையில். கனமான பையை அடுத்த ஊருக்கு வேனில் கொண்டுபோய்ச் சேர்க்கும் சேவையும் இந்த வழியில் உண்டு. உங்கள் வயதில் அதைப் பயன்படுத்திக்கொள்வதில் எந்தக் குறைச்சலும் இல்லை. அக்டோபர் நடுவிலிருந்து பல விடுதிகள் மூடத் தொடங்கும், அதனால் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.

சைவ உணவு பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 'காய்கறி சூப்' என்று கொண்டுவந்து வைப்பதில் பன்றி இறைச்சித் துணுக்குகள் (பிரெஞ்சில் 'லார்தோன்') மிதப்பதை நானே கண்டிருக்கிறேன். சமைத்தவர் அதை இறைச்சியாகவே கருதவில்லை, வாசனைக்குப் போட்டதாகத்தான் சொன்னார். லெ புய்யின் பச்சைப் பருப்பு அருமையானது, ஆனால் அதையும் பெரும்பாலும் அந்தத் துணுக்குகளோடுதான் வேகவைப்பார்கள். எனவே முன்பதிவின்போதே 'இறைச்சி, மீன், லார்தோன் எதுவும் வேண்டாம்' என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். உங்களுக்கு ஏற்ற ஊர்ச்சாப்பாடு அலிகோ: மசித்த உருளைக்கிழங்கில் புதிய பாலாடைக்கட்டியும் வெண்ணெயும் பூண்டும் சேர்த்து, கரண்டியைத் தூக்கினால் ஓர் ஆள் உயரத்துக்கு நூலாக இழுபடும்வரை கிண்டுவது. ஓப்ராக் மடத்துத் துறவிகள் பசியோடு வந்த பயணிகளுக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கலந்து கொடுத்ததிலிருந்து வந்தது என்பார்கள். உருளைக்கிழங்கு ரொட்டியின் இடத்தைப் பிடித்தது பிற்காலத்தில். பக்கத்தில் சாஸேஜ் வைப்பது வழக்கம், வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஒன்று மட்டும்: இங்கத்திய மரபான பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளால்தான் உறையவைக்கிறார்கள். அது உங்களுக்குச் சம்மதமா என்பதை வீட்டிலேயே முடிவுசெய்துகொண்டு புறப்படுங்கள். சம்மதமில்லை என்றால் ரொட்டி, பழம், கொட்டைகளோடு கொஞ்சம் பொடியும் ஊறுகாயும் பையில் இருக்கட்டும்.

கிராமக் கடைகள் நண்பகலில் மூடிவிடும். ஞாயிறு பிற்பகலும் திங்களும் பெரும்பாலும் திறப்பதில்லை. குடிநீருக்கு நடைப்பயணிகள் அறிந்த வழி ஒன்று இருக்கிறது, கேட்டால் உங்களுக்குத் தூக்கிவாரிப்போடும்: கல்லறைத் தோட்டம். பூச்செடிகளுக்கு ஊற்றுவதற்காக ஊர்தோறும் கல்லறைத் தோட்டத்தில் குழாய் இருக்கும், பல இடங்களில் அது ஊர்க் குடிநீரேதான். 'ஓ நோன் பொத்தாப்ல்' என்று பலகை இருந்தால் மட்டும் குடிக்காதீர்கள். முதல்நாள் மனம் ஒப்பாது. மூன்றாம் நாள் வெயிலில் நீங்களே சிலுவை தெரிகிறதா என்று தேடுவீர்கள்.

சேன் ஷெலியிலிருந்து பாதை கீழே லோத் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு இறங்குகிறது. சேன் கோமில் திருகிய கோபுரம், எஸ்பாலியோனில் பழைய கற்பாலம், எஸ்தேனில் ஆற்றின்மேல் நிற்கும் கோட்டை. மூன்றும் வழியிலேயே வரும், தேடிப் போக வேண்டாம். கடைசி நாள் கொலினியாக்கிலிருந்து நடந்து, காட்டுக்குள் செங்குத்தாக இறங்கும் கற்பாதையின் முடிவில் கோங்க் சட்டென்று முளைக்கும். மழை பெய்திருந்தால் அந்த இறக்கம் வழுக்கும். இரு கைக்கும் ஊன்றுகோல் வைத்துக்கொள்ளுங்கள்.

கோங்க் மடம் செழித்தது ஒரு திருட்டால். ஆழன் நகரில் கொல்லப்பட்ட சிறுமி புனித ஃபுவாவின் திருப்பண்டத்தை, 9ஆம் நூற்றாண்டில் இந்த மடத்துத் துறவி ஒருவர் அங்கே போய்ப் பல ஆண்டு நம்பிக்கையாக இருந்து, ஒருநாள் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார் என்பது மடத்தின் சொந்த வரலாறே பெருமையோடு சொல்லும் கதை. அதன்பிறகு பயணிகள் இந்தப் பக்கம் திரும்பினார்கள். தங்கத் தகடு போர்த்தி மணிகள் பதித்த அவளுடைய அமர்ந்த உருவம் கருவூலத்தில் இருக்கிறது. உடலுக்குப் பொருந்தாத அந்தப் பெரிய முகம் பிற்கால ரோமானியத் தலை ஒன்றிலிருந்து எடுத்துப் பொருத்தியது. புரட்சியின்போது ஊரார் கருவூலத்துப் பொருள்களை ஆளுக்குக் கொஞ்சமாகத் தங்கள் வீடுகளில் மறைத்து வைத்ததால்தான் அது உருக்குலைக்கும் கைக்குப் போகவில்லை.

வாயில் மேலுள்ள இறுதித் தீர்ப்புச் சிற்பத்தில் 124 உருவங்கள் இருக்கின்றன. நரகப் பக்கத்தில், கழுத்தில் பணப்பையோடு தொங்கும் கருமியும், முயல்கள் சேர்ந்து நெருப்பில் வாட்டும் வேட்டைக்காரனும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து முடித்த பிறகு விளிம்பைப் பாருங்கள்: கல்லைத் துணியைப் போலச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, அதற்குப் பின்னாலிருந்து மூக்கும் விரலும் மட்டும் தெரிய எட்டிப் பார்க்கும் சிறு முகங்கள் தெரியும். உள்ளே 104 சாளரங்களுக்கும் ரொதேஸ் நகரில் பிறந்த ஓவியர் பியேர் சூலாஜ் 1994இல் முடித்த கண்ணாடி இருக்கிறது. நிறம் கிடையாது, வெளியும் தெரியாது, வெளிச்சம் மட்டும் பொழுதுக்கேற்ப நீலமும் வெதுவெதுப்புமாக மாறும். ஆகவே காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை உள்ளே போங்கள். அன்றிரவு இங்கேயே தங்கிவிட வேண்டும். பயணப் பருவத்தில், இரவு ஜெபம் முடிந்ததும் மடத்துத் துறவி ஒருவர் வாயிலில் நின்று அந்தச் சிற்பத்தை விளக்குவார்; பிறகு ஆர்கன் வாசிப்பார்கள், மேல்மாடத்துக்கு ஏறிப்போய்த் தூண்தலைச் சிற்பங்களை அருகில் பார்க்கலாம்.

போக்குவரத்தை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: பாரிசிலிருந்து ரொதேஸுக்கு ரயில் (இரவு ரயிலும் உண்டு, அது ஓடும் தேதிகளைச் சரிபார்க்க வேண்டும்), அங்கிருந்து நஸ்பினாலுக்கு நடைப்பயணிகளை ஏற்றிச் செல்லும் வேன் அல்லது டாக்சி. கோங்கில் ரயில் நிலையம் இல்லை. முடிந்ததும் ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவிலுள்ள ரொதேஸுக்கே திரும்ப வேண்டும். அந்த வண்டியை நடை தொடங்கும் முன்பே பேசி வைத்துவிடுங்கள். ரொதேஸில் ரயிலுக்கு இரண்டு மூன்று மணி நேரம் இருந்தால், 2014இல் திறந்த சூலாஜ் அருங்காட்சியகத்துக்குப் போங்கள்; கோங்கில் நீங்கள் பார்த்த சாளரங்களுக்காக அவர் செய்த முன்வரைவுகள் அங்கே இருக்கின்றன.